555 புத்தகமும் கைப்பேசித் திரையும்



நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் வசிப்பிடத்தின் வரலாறு என்றொரு பகுதி வரும். பாடநூலில் உள்ளதை மட்டும் படித்துவிட்டுப் போக மனம் ஒப்பாததால், அண்மையில் வீட்டிலிருந்து ஒரு பொருளை எடுத்துச் சென்றேன். உள்ளங்கை அளவே உள்ள சிறு குறிப்பேடு. மேலட்டையில் 555 என்று பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். தோட்டப்புறத்தில் வளர்ந்த ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் விளக்கம் தேவையில்லை. கடைக்கடன் எழுதும் புத்தகம் அது.

மாணவர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தனர். "கைப்பேசி இல்லாத காலத்தில் இதில்தான் விளையாடுவீர்களா ஐயா?" என்று ஒரு பையன் கேட்க, வகுப்பே சிரித்தது. பின்வரிசையில் இருந்த மாணவி மட்டும், "எங்கள் அம்மாவும் இதே புத்தகம்தான் வைத்திருக்கிறார்" என்றாள். அவள் தாயார் இணையத்தின்வழி பலகாரம் விற்பவர். கைப்பேசியில் வணிகம் செய்பவருக்கு 555 புத்தகம் எதற்கு என்ற கேள்விதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

ராசா, ரவாங்கிற்கும் தஞ்சோங் மாலிமுக்கும் இடையே இருப்புப் பாதையோரம் அமைந்த சிறு பட்டணம். உலு சிலாங்கூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. கோலாலம்பூரிலிருந்து கோலக்குபு வரை 1894இல் இரயில் பாதை போடப்பட்டபின் இப்பகுதியில் காடுகள் அழிந்து தோட்டங்கள் பெருகின. மேற்கே பத்தாங் பெர்ஜுந்தை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா), புக்கிட் ரோத்தான், கோல சிலாங்கூர், ஜெராம் என்று கடற்கரை வரைக்கும் முதலில் ரப்பர், பின்னர் செம்பனை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் உருவானதும் கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தெனமாரத்தில்தான். அதனை உருவாக்கிய ஆன்றி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் பின்னாளில் மலாயா வாழ்வைப் பற்றி ஒரு புதினம் எழுதி, 1930இல் தம் நாட்டின் உயரிய இலக்கியப் பரிசையும் பெற்றார்.

நான் பிறந்து வளர்ந்ததும் ராசாவுக்கு மேற்கே இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அங்குச் சம்பள நாள் ஒரு சிறு திருவிழா. அலுவலகத்தருகே கிராணி பெயர் கூப்பிட, பெற்றோர் வரிசையில் நிற்பர். சாலையோரத்தில் பாய் விரித்துத் துணி, பாத்திரம், வளையல், மிட்டாய் எல்லாம் பரப்பியிருப்பார்கள். மற்ற நாள்களில் வியாபாரிகள் லயத்து வாசலுக்கே வருவர். ரொட்டிக்காரர் மணியடிப்பார். துணி வியாபாரி மோட்டார் வண்டியின் பின்னால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வருவார். விலையை அவர்தாம் சொல்வார். மாதாமாதம் ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று கட்டலாம். அவரிடம் ஒரு புத்தகம், எங்களிடம் ஒரு புத்தகம். எங்களுடையது சாமிப் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கும்.

அம்மாவுக்கு எண் தெரியும், எழுத்துத் தெரியாது. ஒன்பது வயதிலிருந்து அப்புத்தகத்தை வாசித்துச் சொல்வது என் வேலையானது. "சேலை 1, பாக்கி 35" என்று நான் படிக்க, அம்மா விரல்விட்டு எண்ணிச் சரிபார்ப்பார். நான் ஆசிரியனானதற்கு அந்த வேலையே முதற்காரணம் என்று நண்பர்களிடம் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பட்டணத்தில் கிடைக்கும் விலையைவிடத் தவணை விலை மிகக் கூடுதல். எழுதத் தெரியாதவர்களின் புத்தகத்தில் பாக்கி குறையவே குறையாது என்று பெரியவர்கள் நொந்துகொண்டதை நானே கேட்டிருக்கிறேன். ஆயினும் ஒன்று உண்டு. அடுத்த மாதம் அந்த மனிதர் அதே வாசலுக்கு வந்தாக வேண்டும். சாயம் போன சேலையை அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டலாம். என் அம்மா அவ்வாறு காட்டியிருக்கிறார். லயமே கூடி வேடிக்கை பார்த்தது. அவரும் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார். ஒரு வீட்டில் பெயர் கெட்டால் நாற்பது வீட்டில் வியாபாரம் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும்.

விளம்பரத்தின் வரலாறு இவ்வட்டாரத்தில் துணி வியாபாரிக்கும் முந்தையது. சொல்லப்போனால் இத்தோட்டங்களே விளம்பரத்தால் உண்டானவைதாம். அதுவும் இரண்டு விளம்பரங்களால்!

முதலாவது, இலண்டனில் தாளில் அச்சிடப்பட்டது. 1910ஆம் ஆண்டு ரப்பர் விலை வெறிபிடித்தாற்போல் ஏறி, ஓர் இராத்தல் 12 சில்லிங்கைத் தாண்டியது. மலாயாத் தோட்டங்களின் பேரில் புதுப்புது நிறுவனங்கள் முளைத்தன. ஒரு பால்மரத்தையும் கண்ணால் கண்டிராதவர்கள் பங்கு அறிவிப்புத் தாளைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொட்டினர். சில மாதங்களில் விலை சரிந்தது. உச்சத்தில் வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டனர்.

இரண்டாவது விளம்பரம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வாய்மொழியாக நடந்தது. அதனைச் செய்தவர் கங்காணி. வேலைக்கு ஆள் தேவைப்படும் தோட்டம், தன்னிடம் உள்ள தொழிலாளர்களுள் ஒருவருக்கு உரிமம் பெற்றுத் தந்து, அவருடைய சொந்த ஊருக்கே அனுப்பி வைக்கும். அறிமுகமற்ற முகவரை நம்பாத ஊரார், தம் பங்காளியை, மாமனை, மைத்துனனை நம்புவர் என்பதே இதன் சூத்திரம். நல்ல வேட்டியும் துண்டும் அணிந்து, செலவுக்குப் பணமும் வைத்துக்கொண்டு ஊருக்குள் நுழையும் அவரே நடமாடும் விளம்பரம். சேர்க்கும் ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்குப் பணம் உண்டு. பின்னர் அவ்வாள்கள் வேலைக்கு வரும் நாள்களுக்கும் தலைக்காசு உண்டு. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டபின் ஆவடி, நாகப்பட்டினம் முகாம்கள் வழியாகக் கப்பலேறியவர் பல்லாயிரவர். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை இம்முறை தொடர்ந்தது.

கங்காணிகள் எல்லாரும் பொய்யர்கள் அல்லர். பஞ்சத்திலிருந்தும் சாதிக் கொடுமையிலிருந்தும் தம் உறவினரை மீட்டதாகவே பலர் நம்பினர். அதில் உண்மையும் உண்டு. என் பாட்டனாரும் அவ்வாறு வந்தவரே. ஆனால் ஊரில் சொன்னது ஒன்று, இங்குக் கண்டது ஒன்று என்று அவர் சொல்லக் கேட்டதாக என் தந்தையார் கூறுவார். அட்டைக்கடியும் மலேரியாக் காய்ச்சலும் எந்த விளம்பரத்திலும் இடம்பெறவில்லை.

இடையில் வந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1924இல் தமிழ் நேசன், 1935இல் சிங்கப்பூரில் தமிழ் முரசு ஆகிய நாளேடுகள் தோன்றின. நகை, துணி, சித்த மருந்து விளம்பரங்கள் தோட்டம் வரை வந்தன. படிக்கத் தெரிந்த ஒருவர் பத்துப் பேருக்குப் படித்துச் சொல்வார். 1960இல் மலாயா வானொலியில் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியது. இவற்றில் விளம்பரம் கொடுக்கப் பணம் வேண்டும். எங்கள் லயத்தில் இட்டிலி சுட்டு விற்ற பாட்டியால் தமிழ் நேசனில் அரைப்பக்கம் வாங்க முடியுமா? கடைத்தெருவில் உள்ளவர்களுக்கே அவ்வாய்ப்பு. (தமிழ் நேசனும் 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. அந்த வருத்தம் தனிக் கட்டுரைக்குரியது.)

அந்தப் பாட்டியின் பேத்திக்கு வாய்ப்பைத் தந்தது இணையமே. ஆனால் தமிழில் அது தாமதமாகவே வந்து சேர்ந்தது. நம் நாட்டில் 1990களின் தொடக்கத்தில் ஜாரிங், 1996இல் டிஎம்நெட் ஆகியவை இணைப்பு வழங்கின. 2000இல் உள்ளூர் வங்கிகள் இணையச் சேவையைத் தொடங்கின. தமிழோ எழுத்துருச் சிக்கலில் மாட்டிக்கொண்டு கிடந்தது. ஒருவர் தட்டச்சு செய்ததை மற்றவர் திறந்தால் கட்டங்கட்டமாகத் தெரியும். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலின் துணையால் பலரும் எழுதத் தொடங்கினோம். 2001ஆம் ஆண்டுத் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. அப்போது நான் ஆசிரியர் பயிற்சி மாணவன். திரையில் 'அ' தெளிவாகத் தெரிந்தாலே விழா எடுத்த காலம்!

இந்தத் தாமதத்தால் ஒரு கேடும் நேர்ந்தது. இணைய வணிகம் தோட்டத்தை எட்டியபோது அது ஆங்கிலத்திலும் மலாயிலும் இருந்தது. அதனைத் தமிழில் விளக்க ஒருவர் தேவைப்பட்டார். அவர் பெரும்பாலும் படித்தவர், ஊரார் மதிப்பவர், கணினி வைத்திருப்பவர். பல இடங்களில் ஆசிரியர்.

2006, 2007ஆம் ஆண்டுகளில் ஸ்விஸ்கேஷ் என்ற பெயர் நாடெங்கும் அடிபட்டது பலருக்கு நினைவிருக்கும். வலைத்தளத்தின்வழி நடத்தப்பட்ட அம்முதலீட்டுத் திட்டம் 15 மாதங்களில் 300 விழுக்காடு வரை ஆதாயம் கிடைக்கும் என்று சொன்னது. 2007இல் பங்குப்பத்திர ஆணையம் நீதிமன்றம் சென்றது. பின்னர் முதலீடு செய்தவர்களுக்கு ஒரு பகுதிப் பணத்தையாவது திருப்பித் தர ஏற்பாடாயிற்று. அக்காலத்தில் அதனைப் பார்த்து முளைத்த சிறு திட்டங்கள் பல. அவற்றுள் ஒன்றில் நான் சேர்ந்தேன். பெயர் வேண்டா, அதன் வலைத்தளமும் இன்று இல்லை.

இதுவரை இதனை நான் எங்கும் எழுதியதில்லை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. உடன் பணியாற்றிய ஒருவர் என்னைச் சேர்த்தார். ஆயிரம் வெள்ளி போட்டேன். முதல் இரண்டு மாதம் திரையில் எண் ஏறியது. கொஞ்சம் பணமும் கைக்கு வந்தது. ஆளைச் சேர்த்தால் கூடுதல் கழிவு என்றார்கள். தீபாவளி விடுமுறையில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டுக்குச் சென்றேன். அத்தை முப்பதாண்டு பால்மரம் சீவி ஓய்வு பெற்றவர். சேமநிதிப் பணம் வந்திருந்தது. ஆங்கிலப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து தமிழில் விளக்கினேன். பளபளப்பான கட்டடம், கைகுலுக்கும் வெள்ளைக்காரர்கள், வளைந்து ஏறும் கோடுகள்... அத்தை திரையைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சொன்னா சரிதான் தம்பி" என்று ஐயாயிரம் வெள்ளியை எடுத்துக் கொடுத்தார்.

நான்கு மாதங்களில் வலைத்தளம் திறக்கவில்லை. என்னைச் சேர்த்தவரும் தம் பணத்தை இழந்திருந்தார். யாரைக் கேட்பது? வாசலுக்கு வர வேண்டிய துணி வியாபாரி அங்கு இல்லை. அத்தைக்கு வாசலுக்கு வரக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

கங்காணி முறையைப் பற்றிப் பயிற்சிக் கழகத்தில் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். நல்ல சட்டை அணிந்து, தலைக்காசுக்கு ஆசைப்பட்டு, சொந்த உறவிடம் போய் நின்றபோது அந்தக் கட்டுரை நினைவுக்கு வரவில்லை.

மாதம் நூறு வெள்ளி வீதம் ஐம்பது மாதங்கள் கட்டினேன். முதல் மாதம் பணத்தை நீட்டியபோது அத்தை வாங்க மறுத்தார். பிறகு அவரே அலமாரியிலிருந்து ஒரு 555 புத்தகத்தை எடுத்து, "சரி, எழுது" என்றார். ஒவ்வொரு மாதமும் நான் எழுத, அவர் பக்கத்தில் ஒரு கோடு இழுப்பார். வகுப்புக்கு நான் எடுத்துச் சென்றது அந்தப் புத்தகமே. மாணவர்களிடம் அதனை யாருடையது என்று சொல்லவில்லை.

இனி அம்மாணவியின் தாயாரிடம் வருகிறேன். வளர்ந்த தோட்டம் வீடமைப்பாக மாறியபின் குடும்பத்தோடு மலிவு வீட்டுக்குக் குடிபெயர்ந்தவர். தொழிற்சாலையில் பகுதிநேர வேலை செய்து வந்தார். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் வேலை நின்றது. அவ்வாண்டுத் தீபாவளி நவம்பர் 14. வழக்கமான தீபாவளிச் சந்தைகளுக்கு வழியில்லை. முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை செய்து படமெடுத்து முகநூலிலும் புலனம் எனப்படும் வாட்சாப்பிலும் போட்டார். கடை வாடகை இல்லை, விளம்பரக் கட்டணம் இல்லை. பள்ளிப் பெற்றோர் குழுவிலிருந்து தொடங்கிய விற்பனை ரவாங், சுங்கை பூலோ, கிள்ளான் வரை சென்றது. நாளேட்டு விளம்பரம் எட்டாத கைகளுக்கு இது எட்டியதை நான் கண்ணால் கண்டேன். இணைய வணிகமே ஏமாற்று என்று பேசும் ஆசிரிய நண்பர்கள் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மறு ஆண்டு ஒருவர் முந்நூறு வெள்ளிக்கு இருபது போத்தல் கேட்டார். பணம் செலுத்திய வங்கிச் சீட்டின் படத்தையும் அனுப்பினார். ஆள் வந்து பலகாரத்தை எடுத்துச் சென்றபின்தான் கணக்கில் பணம் ஏறவில்லை என்பது தெரிந்தது. சீட்டுப் படத்தில் எண்கள் மாற்றப்பட்டிருந்தன. அடுத்து, இவர் எடுத்த படங்களை யாரோ திருடி வேறு பெயரில் பக்கம் தொடங்கி முன்பணம் வாங்கினர். ஏமாந்தவர்கள் இவரை அழைத்துத் திட்டினர். பணத்தைவிட அதுவே தம்மை உறுத்தியதாகச் சொன்னார். "படம் என்னோடதுதான் சார், நான் விக்கலேன்னு எப்படிச் சொல்றது?"

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். மின்னியல் வணிகத்துக்கான பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறைகள் 2012இல் இயற்றப்பட்டு 2013 சூலையில் நடப்புக்கு வந்தன, 2024இல் புதுப்பிக்கப்பட்டன. விற்பவர் தம் பெயர், தொடர்பு விவரம், பொருளின் தன்மை, முழு விலை, பணம் செலுத்தும் முறை, பொருள் வந்து சேரும் காலம் போன்றவற்றை வெளிப்படையாகக் கூற வேண்டும். வாங்கியவர் பாதிக்கப்பட்டால் 50,000 வெள்ளி வரைக்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் ஐந்து வெள்ளிக் கட்டணத்தில் முறையிடலாம். ஆனால் அத்தீர்ப்பாயம் வாங்குவோருக்கானது. முறுக்கு விற்று ஏமாந்த தாயாருக்குக் காவல்துறைதான் வழி. பண மோசடி நடந்த உடனே அழைக்கத் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண் 2022 அக்டோபர் முதல் உள்ளது. பணம் போடுமுன் வங்கிக் கணக்கு எண்ணின்மீது முன்பே புகார் உள்ளதா என்று காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பெற்றோர்கள் இவ்விரண்டையும் குறித்து வைத்துக்கொள்க.

நம் வட்டாரத்தில் பெரிய அளவில் இணையத்தால் பெயர் பெற்றது ஸ்கை மிரர் எனப்படும் கடல்மணல் திட்டு. ஜெராமுக்கு அருகில் சாசாரான் கடற்புறத்தில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய வற்றுநாள்களில் மட்டும் வெளிப்படுவது. யாரும் விளம்பரப் பலகை நடவில்லை. வந்தவர்கள் போட்ட படங்களே கூட்டத்தைக் கொண்டுவந்தன. படகோட்டிகளும் உணவுக்கடைகளும் பிழைக்கின்றனர். வற்றுநாள் எது என்று கேளாமல் படத்தை மட்டும் நம்பிப் புறப்படுபவர் வெறும் கடலைப் பார்த்துத் திரும்ப நேரும். 1910இன் பங்குத் தாள் எனக்கு நினைவுக்கு வரும்.

முறுக்கு விற்கும் தாயார் இப்போது வணிகப் பெயரை அறுபது வெள்ளி கட்டிப் பதிவு செய்திருக்கிறார். பதிவு எண்ணும் தம் முகமும் உள்ள படம் பக்கத்தின் மேலேயே இருக்கும். சீட்டுப் படத்தை ஏற்பதில்லை. தம் வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்தபிறகே பொருள் தருவார். ஆங்கிலத்தில் வரும் 'விளம்பர உதவி' அழைப்புகளை மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். அவள் புரியவில்லை என்றால் அழித்துவிடுகிறார். மகளுக்கு வயது பத்து!

555 புத்தகம் எதற்கென்று பள்ளி வாசலில் அவரைக் கேட்டேன். பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பெயர், ஊர், எத்தனை போத்தல், யார் சொல்லி வந்தவர் என்று நான்கு பத்திகள். நான்காவது பத்தியைக் காட்டி, "இது இல்லாதவங்களுக்கு முதல்ல அஞ்சு போத்தலுக்கு மேல கொடுக்கறதில்ல சார்" என்றார். புரட்டிப் பார்க்கையில் ஓரிடத்தில் என் பெயரும் இருந்தது. இரண்டு போத்தல், அத்தைக்கு அனுப்பியது.

நம் வட்டாரத் தோட்டங்களின் பழைய கடன் புத்தகங்கள், சம்பள நாள் சந்தையின் நிழற்படங்கள் எவரிடமேனும் இருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன். அடுத்த ஆண்டு மாணவர்கள் அவற்றைக் கொண்டு பள்ளியில் ஒரு சிறு கண்காட்சி அமைக்க எண்ணியுள்ளனர். நகலெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தந்துவிடுவோம். அத்தையின் புத்தகமும் அதில் வைக்கப்படும். அத்தை சம்மதித்துவிட்டார், ஐம்பதாவது கோட்டுக்குப் பின் உள்ள வெற்றுப் பக்கங்களைக் கிழிக்கக்கூடாது என்பது மட்டுமே அவர் இட்ட நிபந்தனை.